அத்தான் நெற்றியில் பட்ட பந்து

அன்பும், அதைவிடக் கூடுதலாக அறிவுரையும் நிரம்பிய என் தங்கை குட்டிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நான் சுகம். உன் அத்தானும் சுகம், நெற்றியைத் தவிர. நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் தையல் எதுவும் இல்லாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், வைத்துவிடுவேன், உடனே நீ என் மகள் பாப்பாவுக்கு போன் போட்டு "உங்கம்மா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா" என்பாய், அவள் எனக்குப் போடுவாள், அப்புறம் அந்த ஊரில் இருக்கிற நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இந்த ஊரில் இருக்கிற என்னை ஒரு வழி பண்ணுவீர்கள். அதனால்தான் எழுத்து. எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

உன் கடிதம் வந்தது. "மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அத்தானுக்கு முழங்கால் சரியில்லை, ரிட்டயரும் ஆகியாச்சு, இனிமே அங்க உனக்கு என்னக்கா வேலை? பாப்பா வீட்டுக்கு வந்து ஓய்வா இரேன்" என்று எழுதியிருந்தாய். பாப்பாவும் தினமும் இதையேதான் சொல்கிறாள். நமக்குப் பாப்பாவே தவிர அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது, அலுவலகத்தில் அவளுக்குக் கீழே ஒரு பட்டாளமே இருக்கிறது, எங்களுக்காக ஒரு அறைக்கு வெள்ளையடித்துப் புதுக் கட்டில் போட்டு அதைப் படமெடுத்தும் அனுப்பிவிட்டாள். எல்லாம் சரி. ஆனால் அந்த "ஓய்வா இரு" என்பது இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குக் கால் அரிக்கிறது. மேலே இந்த நாலு வரி எழுதுவதற்குள் நான் இரண்டு தடவை எழுந்து போய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பை இன்று பற்றவைக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் முப்பது வருஷம் நின்றவளை ஒரு மாலையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து வீட்டில் உட்கார் என்றால் எப்படி உட்காருவாள்? முதல் வாரம் வீட்டு மருந்துப் பெட்டியை ஒழுங்குபடுத்தினேன். அடுத்து சமையலறை. எல்லா டப்பாவுக்கும் சீட்டு ஒட்டி, பிரித்த தேதி, காலாவதி தேதி எழுதினேன். உன் அத்தான் காபிக்குச் சர்க்கரை கேட்டால் "யார் எழுதிக் கொடுத்தது?" என்று நான் கேட்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஒரே ஒரு தடவைதான் கேட்டேன், அதுவும் வாய் தவறி. பிறகு, அந்தப் பக்கமாகப் போகிறவள்போல ஆஸ்பத்திரிக்கே போய்வர ஆரம்பித்தேன். என் இடத்துக்கு வந்திருக்கிற பெண் நல்ல பெண். மரியாதை தெரிந்தவள். ஒரு நாள் என்னைப் பார்த்ததும் ஓடிப் போய் நாற்காலி கொண்டு வந்து "உக்காருங்க மேடம், நின்னா கால் வலிக்கும்" என்றாள். எங்கே போட்டாள் தெரியுமா? கவுண்டருக்கு வெளியே. நோயாளிகள் வரிசைக்குப் பக்கத்தில். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஏற்கெனவே சுத்தமாக இருந்த அலமாரியை நகர்த்தி அதன் பின்னால் பெருக்கினேன். அங்கேதான் அந்தப் பை இருந்தது.

என் கோல்ஃப் பை. உனக்கு நினைவிருக்காது. பாப்பா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்கள் சூப்பரின்டெண்ட் திடீரென்று ஒரு நாள், மருந்து வாடையிலேயே கிடக்கிறவர்கள் வாரத்தில் ஒரு மாலை வெளிக்காற்று வாங்க வேண்டும் என்று சொல்லி எங்களில் ஒரு கூட்டத்தைக் கோல்ஃப் பயிற்சித் திடலுக்கு அனுப்பினார். மற்றவர்கள் எல்லாரும் வந்த வேகத்தில் நின்றுவிட்டார்கள். நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். பந்து தரையை விட்டு எழும்புகிற கட்டம் வரைக்கும் வந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள். அப்புறம் பாப்பாவுக்குப் பரீட்சை, எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது, பிறகு இரவுப் பணி, அடுத்த மாசம் பார்க்கலாம், அதற்கடுத்த மாசம் பார்க்கலாம் என்று பை அலமாரிக்குப் பின்னால் போனது. இத்தனை வருஷம் கழித்து வெளியே எடுத்துத் தட்டினேன். தும்மிக்கொண்டே உன் அத்தான் வந்தார்.

"இந்த வயசுல இது தேவையா?" என்றார்.

"எந்த வயசுல தேவை?" என்றேன்.

அவர் உண்மையாகவே யோசித்தார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. வேலை பார்த்ததெல்லாம் காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளராக. எங்காவது லாரி கவிழ்ந்தால், கடை எரிந்தால், இவர் போய்ப் படமெடுத்து, நாலு பேரை விசாரித்து, தப்பு யார்மேல் என்று எழுதிக் கொடுப்பார். ரிட்டயர் ஆன பிறகு விசாரிக்க ஆள் இல்லாமல் என்னை விசாரித்துக்கொண்டிருக்கிறார். ஒரு தடவை எங்கள் வீட்டுக் குக்கர் வெடித்துக் கூரையில் ஒட்டியபோதுகூட, எனக்கு அடிபட்டதா என்று கேட்பதற்கு முன்னால் "வெயிட் எப்ப மாத்தினே?" என்று கேட்டவர். "சரி, நானும் கூட வர்றேன்" என்றார். துணைக்கு வருகிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன், பைத்தியக்காரி.

திடல் மாறவில்லை. அதே கம்பித் தூண்கள், தூணுக்குத் தூண் ஒரு தடுப்பு, ஒவ்வொரு தடுப்பிலும் பச்சை விரிப்பு, எதிரே பெரிய புல்வெளி, சுற்றிலும் ஆகாசம் வரைக்கும் வலை. பயிற்சியாளர் மட்டும் புதியவர். நான் அவருக்குத் தலைமையாசிரியர் என்று பெயர் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அவர் வாயைத் திறந்தால் தலையைப் பற்றித்தான் பேசுவார். தலையைத் தூக்காதீங்க, தலை ஆடுது, தலை அங்கயே இருக்கட்டும். முதல் நாள் அவர், "முன்னாடி ஆடியிருக்கீங்களா மேடம்?" என்று கேட்டார். "ஆடியிருக்கேன்" என்றேன். எந்தத் தொனியில் சொன்னேனோ தெரியவில்லை, அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்து கையைக் கட்டிக்கொண்டார், பக்கத்துத் தடுப்புகளில் இருந்தவர்களும் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். நான் ரொம்ப சாவகாசமாகப் பைக்குள் கைவிட்டு ஒரு மட்டையை உருவினேன். அது ஜன்னல் திரைச்சீலைக் கம்பி. வளையங்களோடு. கலகலவென்று சத்தம். இத்தனை வருஷமாக உன் அத்தான் அந்தப் பையை வீட்டில் மிஞ்சுகிற கம்பி, குடை, ஒட்டடைக்கோல் எல்லாவற்றுக்கும் உறையாக வைத்திருந்திருக்கிறார். தலைமையாசிரியர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மட்டைகளுக்கெல்லாம் நம்பர் உண்டு இல்லையா, அதனால் ரொம்பப் பணிவாக, "இது என்ன நம்பர் மேடம்?" என்று கேட்டார்.

சரி, மட்டையும் உள்ளேதான் இருந்தது, எடுத்தேன். ரப்பர் முளைமேல் பந்தை வைத்து, ஓங்கி வீசினேன். வீச்சு பிரமாதம். பந்து இருந்த இடத்தில் இருந்தது. மறுபடி வீசினேன். அப்போதும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வீச்சு முடிந்து நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது அது தானாக உருண்டு கீழே விழுந்தது. "பரவால்ல மேடம், நகர்ந்துடுச்சு" என்றார் தலைமையாசிரியர். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உன் அத்தான், "அது காத்துக்கு விழுந்தது" என்றார். யாராவது அவரைக் கேட்டார்களா?

அப்புறம் பிடி. "குருவியைப் பிடிக்கிற மாதிரி மெதுவாப் பிடிங்க" என்றார் பயிற்சியாளர். நான் என்றைக்குக் குருவி பிடித்தேன்? நான் பிடித்ததெல்லாம் மருந்துப் பாட்டில். குழந்தைகள் திறக்க முடியாதபடி மூடி வருமே, அழுத்தித் திருக வேண்டும், அந்தத் திருகல் என் மணிக்கட்டில் ஏறிப்போய் உட்கார்ந்திருக்கிறது. மட்டையைப் பிடித்து வீசும்போது அதுவும் சேர்ந்து திருகிக்கொண்டது. பந்து நேரே போகாமல் பக்கவாட்டில் கிளம்பி, கம்பித் தூணில் டங்கென்று பட்டு, பக்கத்துத் தடுப்பில் இருந்தவரின் திறந்த பைக்குள் போய் விழுந்தது. அவரை அங்கே எல்லாரும் நீதிபதி என்கிறார்கள். பஸ் கம்பெனியில் நேரக் காப்பாளராக இருந்தவராம், பேச்சுத் தோரணைக்காக வைத்த பெயர். அவர் குனிந்து பந்தை எடுத்துத் துடைத்து, "இது தங்களுடைய சொத்துன்னு நெனைக்கறேன்" என்று நீட்டினார். நான் நன்றி சொல்லி வாங்கி, வைத்து, அடித்தேன். இந்தத் தடவை அவர் முழங்காலுக்குக் கீழே.

உன் அத்தான் எழுந்தார். என்னிடம் வரவில்லை. நேராக நீதிபதியிடம் போனார். "சம்பவம் நடந்தப்ப நீங்க எந்தப் பக்கம் பாத்து நின்னீங்க?" "தெற்கே." "பந்து வர்றதுக்கு முன்னாடி எச்சரிக்கை ஏதாவது குடுத்தாங்களா?" நீதிபதி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "எச்சரிக்கை எதுவும் தரப்படலைங்க" என்றார். இதைக் கேட்டு உன் அத்தான் முகத்தில் வந்த பிரகாசத்தை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. இரண்டு பேரும் அன்றிலிருந்து உயிர்ச் சிநேகிதர்கள். நான் அடிப்பேன், இவர்கள் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு எனக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வார்கள்.

வலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ கேள்விப்படுவதற்குள். பழைய கையுறை, உள்ளே வியர்வை, வீசிய வேகத்தில் மட்டையே கையைவிட்டுப் போய்விட்டது. போனது என்றால் சும்மா போகவில்லை, சுழன்று சுழன்று மேலே ஏறி வலையில் சிக்கித் தொங்கியது. அன்றுவரை நான் அடித்த பந்து எதுவும் அவ்வளவு உயரம் போனதில்லை. யாரோ ஒருவர் பந்தால் அடித்து அதைக் கீழே இறக்கிவிடலாம் என்றார். அவ்வளவுதான், திடலில் இருந்த அத்தனை பேரும் வரிசையில் நின்றுகொண்டு என் மட்டையைக் குறிவைத்து அடிக்க ஆரம்பித்தார்கள். வருஷக்கணக்கில் ஆடுகிறவர்கள். ஒருவருக்கும் படவில்லை. நீதிபதி பொறுமையிழந்து தன் மட்டையையே தூக்கி எறிந்தார். அதுவும் போய் என்னுடையதற்குப் பக்கத்தில் தொங்கியது. ஏணி கொண்டுவந்து இறக்கினார்கள். உன் அத்தான் ஏணியைப் பிடிக்கிறேன் என்று போய், ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் படமெடுத்தார், மேலே ஏறியவர் நிம்மதியாகவா இறங்கியிருப்பார்?

இந்த அவமானத்தால் வீட்டிலேயே ரகசியமாகப் பழகலாம் என்று நினைத்தேன். நடையில் கம்பளத்தை விரித்து, மட்டையால் மெதுவாகத்தான் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். எங்களுக்குக் கீழ் வீட்டில் பல் டாக்டர் கிளினிக் வைத்திருக்கிறாரே, அவர். முகமூடியோடு, கையில் உறையோடு, நெற்றியில் விளக்கோடு மூச்சுவாங்க நிற்கிறார். "மேடம், மேல எதையாவது இடிக்கறீங்களா? நான் ஒருத்தர் வாய்க்குள்ள கையை வச்சிட்டிருக்கேன். நீங்க ஒவ்வொரு தடவை இடிக்கும்போதும் அவர் கடிக்கறார்." மன்னிப்புக் கேட்டேன். "என்னதான் பண்றீங்க?" என்றார். "உடற்பயிற்சி" என்றேன். உள்ளேயிருந்து உன் அத்தான், "கோல்ஃப்" என்றார். டாக்டர் விளக்கை அணைக்காமலே என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

அன்று மாலை பாப்பா கூப்பிட்டாள். அப்பா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், படங்களோடு. முதலில் சிரித்தாள். பிறகு குரல் மாறியது. "அம்மா, நெஜமாக் கேக்கறேன். உனக்கு அங்க என்னம்மா இருக்கு? அந்தப் படிக்கட்டும், கீழ பல் பிடுங்கற சத்தமும். இங்க வந்துடேன். எனக்கு ராத்திரி போன் அடிச்சாலே நெஞ்சு திக்குனு ஆகுது." மருந்துக் கவுண்டர் இருந்தபோது அதைச் சொல்வேன். இப்போது எதைச் சொல்வது? பந்து பத்தடி போகிறது என்றா? "யோசிக்கறேன்" என்று வைத்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். உன் அத்தான், "உக்காரு, எனக்குத் தலை சுத்துது" என்றார்.

மறுநாள் திடலில், வழக்கமாகத் தலையைப் பற்றிப் பேசுகிற தலைமையாசிரியர் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் மேடம், ஒவ்வொரு பந்தையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு வைக்கறீங்க?"

எனக்கே அது தெரியாது. அவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன். கூடையிலிருந்து பந்தை எடுக்கிறேன், அதன்மேல் இருக்கிற எழுத்தைப் படிக்கிறேன், திருப்பி மறுபடி ஒரு தடவை படித்துவிட்டுத்தான் முளையில் வைக்கிறேன். மருந்து எடுக்கும்போது ஒரு தடவை, கொடுக்கும்போது ஒரு தடவை, அந்தப் பழக்கம்.

"தப்பானதை எடுத்துடக் கூடாதில்ல" என்றேன்.

"எல்லாம் ஒரே பந்துதான் மேடம்."

"சரி, தப்பா அடிச்சுட்டா?"

"தப்பா அடிச்சா அடுத்த பந்து."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றார் அவர், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

நான் மட்டையை வைத்துவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துவிட்டேன். நீ சிரிக்கக் கூடாது. கவுண்டரில் இருந்த காலமெல்லாம் நான் ஒரு மாத்திரைகூட மாற்றிக் கொடுத்ததில்லை. எல்லாரும் அதைத்தான் பாராட்டிப் பேசினார்கள், அந்தக் கடிகாரத்தையும் அதற்காகத்தான் கொடுத்தார்கள். அது எனக்குள் என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது, பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாரே அவருக்குச் சரியான அளவுதானே கொடுத்தேன் என்று திடீரென்று தோன்றும். வார்டுக்கு போன் போட்டுக் கேட்பேன். சரியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் சரியாகவே இருக்கும். அடுத்த நாள் மறுபடியும் தோன்றும். அப்படி இருந்தவளிடம் ஒருவர் கூடை நிறையப் பந்தைக் கொடுத்து, எத்தனை வேண்டுமானாலும் தப்பாக அடி, ஒன்றும் ஆகாது என்கிறார். பாப்பாவுக்கு நான் சொல்லத் தெரியாமல் விழித்த பதில் இதுதான் என்று தோன்றியது. ஆனால் இதைப் போனில் எப்படிச் சொல்வது? உன் அத்தான் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டி, "என்னாச்சு, அடிபட்டுதா?" என்றார். படமெடுக்கவில்லை. அதைக் குறித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து பந்தைப் பார்க்காமல் எடுத்து வைத்தேன். தோள் தளர்ந்தது. கண்டபடி அடித்தேன். இடது பக்கம் போனது, வலது பக்கம் போனது, சிலது போகவே இல்லை. அடுத்த பந்து, அடுத்த பந்து என்று கூடையைக் காலி பண்ணினேன். வீட்டுக்கு வந்து படுத்தால் தூங்கினேன் குட்டி. நடுவில் எழுந்து அடுப்பைப் பார்க்கவில்லை.

அப்படி ஒரு வாரம் நன்றாகப் போயிருக்கும். போன செவ்வாய்க்கிழமை, எனக்கே தெரிந்தது, வீச்சு சரியாக விழுந்தது. மட்டையில் பந்து பட்ட சத்தமே வேறு மாதிரி. இவ்வளவு நாளில் நான் அடித்ததிலேயே சுத்தமான அடி அதுதான். ஆனால் பந்து நேரே தூணின் விளிம்புக்கே போய்ப் பட்டுத் திரும்பி வந்தது. உன் அத்தான், நான் மட்டையை ஓங்குவதைப் பக்கவாட்டிலிருந்து படமெடுக்கலாம் என்று, பார்க்கிறவர்கள் தாண்டக் கூடாது என்று தரையில் போட்டிருக்கிற மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்து குனிந்திருந்தார். சத்தம் வந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். கையை நெற்றியில் வைத்து எடுத்துப் பார்த்தார். விரலெல்லாம் சிவப்பு. நான் ஓடினேன். ஆயிரம் பேருக்குக் காயத்துக்கு மருந்து எடுத்துக் கொடுத்தவள், அப்போது எனக்குப் பஞ்சு என்ற சொல்கூட வாயில் வரவில்லை. நீதிபதிதான் தன் துண்டை மடித்து அழுத்திப் பிடித்தார். தலைமையாசிரியர் கார் ஓட்டினார். வழியெல்லாம் உன் அத்தான் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, "தலையைத் தூக்காதீங்க, தலையைத் தூக்காதீங்க" என்று நான் சொல்லிக்கொண்டு வந்தேனாம்.

என் ஆஸ்பத்திரிதான். தையல் போட்டார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை, கண்ணுக்கு ஒன்றுமில்லை. மருந்து வாங்கக் கவுண்டருக்குப் போனேன். அந்தப் பெண் மருந்தை எடுத்து வைத்துவிட்டு, "ஒரு தடவை பாத்துடுங்க மேடம்" என்று என் பக்கம் தள்ளினாள். பார்த்தேன். மறுபடி பார்த்தேன். சரியாக இருந்தது. கவுண்டருக்கு வெளியே, அன்று அவள் போட்ட அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

திரும்பிப் போனால், திடல் மேனேஜர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வெளிறிப்போய் நிற்கிறார். இப்படி நடந்தால் அவர் மேலிடத்துக்கு எழுதி அனுப்ப வேண்டுமாம். "யார் மேல தப்புன்னு போடறது சார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அத்தான் கட்டோடு எழுந்து உட்கார்ந்தார்.

"மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னது யாரு?"

"நீங்கதான் சார்."

"அப்ப அதை என்னைக் கேட்டுத்தான் எழுதணுமா? பாதிக்கப்பட்டவரோட கவனக்குறைவு. அடிச்சவங்க மேல தப்பு எதுவும் இல்ல. அடி ரொம்ப சுத்தமா இருந்ததுன்னும் போடுங்க."

"அதெல்லாம் எழுத எடமில்ல சார்" என்றார் மேனேஜர்.

எங்கள் வீட்டுக்குள் நடந்த எந்த விபத்திலும் அவர் எனக்குச் சாதகமாக எழுதியதில்லை குட்டி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மருந்துப் பையை மடித்தேன், பிரித்தேன், மடித்தேன்.

ஆனால் பாப்பா போனில் அழுதாள். "கண்ல பட்டிருந்தா என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டாள். அடுத்த பந்து என்று சொல்ல முடியுமா? கண்ணுக்கு அடுத்த கண் கிடையாது. ரத்தம் பட்ட சட்டையை ஊறவைத்துத் துவைத்தேன், கறை போகவில்லை, அதைப் பிழியும்போதே முடிவு பண்ணிவிட்டேன். விளையாட்டு போதும். நீங்கள் எல்லாரும் சொல்வதுதான் சரி. பாப்பா டிக்கெட் போட்டுவிட்டாள், சாமான் கட்டுவதற்காக லீவு எடுத்துக்கொண்டு நாளைக்கு இங்கே வருகிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் மூன்று பேரும் வருகிறோம். கோல்ஃப் பையைத் திடலிலேயே கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன், என் கையால் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. நீயும் மாப்பிள்ளையும் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள், அத்தானால் கனம் தூக்க முடியாது. அங்கே வந்து நான் ஓய்வாக இருக்கப் பார்க்கிறேன். உன் சமையலறை டப்பாக்கள் எப்படி இருக்கின்றன? நான் வந்து பார்க்கட்டுமா?

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீ நூறு வயசு நல்ல பல்லோடும் பிடித்துக்கொள்ளாத தோளோடும் இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். உன் அத்தானும் வாழ்த்துகிறார், கட்டுப் போட்டிருப்பதால் தலையசைக்காமல்.

இப்படிக்கு,
உன் சொல்லைக் கடைசியில் கேட்டுவிட்ட
அக்கா

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் பாப்பா வந்துவிட்டாள். வந்த வேகத்தில் என்னைத் திட்டினாள், அப்பாவைத் திட்டினாள், இரண்டு பெட்டி கட்டினாள், நடுநடுவே அலுவலகத்திலிருந்து வந்த எல்லா போனுக்கும் நின்றுகொண்டே பதில் சொன்னாள். பிறகு பையைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னாள். "நீ உள்ள வராத, கார்லயே இரு" என்று கட்டளை. நானும் காரிலேயே இருந்தேன். பையைக் கொடுத்துவிட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? இருட்டப் பார்த்தது, ஆளைக் காணோம். கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தேன். கடைசித் தடுப்பில் நிற்கிறாள். ஆபீஸ் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருக்கிறாள். வீசினாள், பந்து அப்படியே இருந்தது. யாராவது பார்த்தார்களா என்று சட்டென்று சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. மறுபடி வீசினாள், அதுவும் தப்பு. இந்தத் தடவை அவள் சுற்றிப் பார்க்கவில்லை. செருப்புக்குப் பக்கத்தில் அவள் போன் மினுக்கி மினுக்கி அடித்துக்கொண்டிருந்தது, எடுக்கவில்லை. நான் காரை விட்டு இறங்காமல் மெதுவாகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். இரண்டாவது கூடையும் காலியான பிறகுதான் வந்தாள், பையையும் தோளில் மாட்டிக்கொண்டு. வண்டியில் ஏறிப் பையைப் பின் இருக்கையில் வைத்தாள். பாதி வழியில், "லீவை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கலாம்னு பாக்கறேன்" என்றாள். டிக்கெட்டை ரத்து பண்ணியாகிவிட்டது, கட்டிய பெட்டிகளை உன் அத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறார், அந்த வெள்ளையடித்த அறை அப்படியே இருக்கட்டும், நீங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். நாளைக்கு அவளுக்குக் கையுறை வாங்கப் போகிறோம். ஜோடியாக வாங்கினால் மலிவாம். உன் கை அளவு என்ன என்று உடனே எழுது.